பூட்டிய கன்டெய்னர்

கத்திவிடக் கூடாதே என்று, பென்ரோஸ் கிடங்கின் சரக்கு கிளியரன்ஸ் ஏஜென்ட் மகேசனின் வாயில் டேப்பைத் தலையோடு சேர்த்துப் பல சுற்று இறுக்கிச் சுற்றிவிட்டுத்தான் அகில் முதல் அடியை அடித்தான்.

"கன்டெய்னர் சாவியை எடுடா!"

மகேசன் சாவியை எடுத்தார். வேலிக்கு அப்பால் விட்டெறிந்தார்.

"அவ்வளவு விசுவாசமா?" அகிலின் இரும்புக் கம்பி அவர் முழங்காலை உடைத்தது. விழுந்தவர் தவழ்ந்துபோய் கன்டெய்னர் கதவின் தாழ்ப்பாளைக் கட்டிக்கொண்டார். அடிக்க அடிக்க விடவில்லை.

"உயிரைக் கொடுத்துக் காக்குறான்னா உள்ளே தங்கம்தான்டா!"

கட்டருடன் நின்ற கூட்டாளி சந்தீப் திரும்பிப் பார்த்தான். மகேசனின் மூக்கை ரத்தம் அடைத்து, கண்கள் பிதுங்கின.

"டேய், ஆளு மூச்சு முட்டியே செத்துடுவாரு."

"சாகட்டும். நீ பூட்டை வெட்டு."

சந்தீப்புக்கு மனசு கேட்கவில்லை. கட்டரைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து டேப்பைப் பிய்த்தான்.

மகேசன் ரத்தத்தைத் துப்பிவிட்டுக் கதறினார்.

"திறக்காதைங்கோ தம்பி! உள்ளுக்குக் கிடக்கிறது மரச்சாமான்தான். பூச்சி சாக விஷவாயு அடைச்சிருக்கு. காத்தில விழுந்த எச்சரிக்கைப் பலகையைத் திரும்ப மாட்டத்தான் வந்தனான். கதவைத் திறந்தியள் எண்டால் ரெண்டு பேரும் செத்துப்போவியள்!"