வாயைத் திறந்தவர்

பல் மருத்துவர் நோயாளியின் வாயில் பஞ்சை அடைத்துவிட்டு, துளையிடும் கருவியைக் கையில் எடுத்தார்.

"பயம் தெரியாம இருக்க ஒரு பொது அறிவுக் கேள்வி கேக்கறேன் சார். உலகத்துலயே சின்ன நாடு எது?"

"ஆ... ஆ..."

"தெரியலையா? பரவாயில்ல. வாட்டிகன். சரி, சூரியனுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிற கிரகம்?"

நோயாளி சட்டென்று கையைத் தூக்கினார். கருவி நின்றது.

"வலிக்குதா?"

இல்லையென்று தலையாட்டினார்.

"அப்போ பதில்தான் தெரியல. புதன், சார். மனுஷ உடம்புலயே சின்ன எலும்பு எங்க இருக்கு?"

நோயாளி தன் காதைப் பிடித்து ஆவேசமாக இழுத்தார்.

"காது அரிக்குதா? கொஞ்சம் பொறுத்துக்கங்க."

பல்லை அடைத்து முடித்ததும் நோயாளி எழுந்து வாயைக் கொப்பளித்தார். மரத்துப்போன உதடுகளோடு, "வாத்தி... வாத்திக..." என்று திணறினார்.

"வாத்தியாரா சார் நீங்க?" என்று பரிவோடு கேட்டாள் நர்ஸ்.

அவர் கதவைப் படாரென்று சாத்திவிட்டுப் போனார்.

"பாவம் டாக்டர்! ஒண்ணும் தெரியாத மனுஷரைப் போட்டு ஏன் இந்தப் பாடு படுத்தினீங்க?"

"ஒண்ணும் தெரியாதவரா?" கையுறையைக் கழற்றியபடி மருத்துவர் விழுந்து விழுந்து சிரித்தார். "வினாடி வினா ஃபைனல்ல வருஷா வருஷம் என்னை மண்ணைக் கவ்வ வைக்கிற சாம்பியனே அவர்தாம்மா! அவர் வாயைத் திறந்தும் நான் ஜெயிச்சது இன்னைக்குத்தான்!"