பால் இல்லாத ஊர்

அங்கம்மாள் கொடுத்த டம்ளரில் ஒரு வாய் குடித்ததும் ஹெலன் நிறுத்திவிட்டார்.

நாக்கில் ஏதோ ஒட்டியது. சரியாகக் கரையாத சிறு கட்டி. கனடா பால் பவுடரைக் கலக்கத் தெரியாதவர்கள் கலந்தால் அப்படித்தான் ஆகும். தெரிந்தவர்கள் கலந்தாலும் பாதி நேரம் அப்படித்தான் ஆகும்.

ஆனால் இது ஐயம்பேட்டை. இங்கே அந்தப் பவுடர் இருக்கவே கூடாது.

ஹெலன் கனடா அரசாங்கத்துக்காகப் புள்ளிவிவரம் எடுக்க வந்தவர். அந்த நாட்டு மக்களின் வரிப்பணத்தில் கப்பலேறி வரும் பால் பவுடரால் இங்குள்ள குழந்தைகளுக்கு உண்மையிலேயே பலன் உண்டா என்று அவர் சொல்லவேண்டும். இல்லை என்று சொன்னால் அடுத்த கப்பல் வராது. நல்ல மனுஷிதான். ஆனால் கணக்கில் வராத எதையும் எழுதமாட்டார்.

குழந்தை என்றால் எப்படியும் வளரும். பாலால் வளர்ந்ததா, தானாக வளர்ந்ததா என்று தெரிய வேண்டுமானால் பால் கொடுக்கும் ஊர் ஒன்றும் கொடுக்காத ஊர் ஒன்றும் வேண்டும். காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்துத் தாய்மார்களுக்குப் பவுடர் கொடுத்தார்கள். அதனோடு ஒப்பிட, எல்லா விதத்திலும் அதைப் போலவே இருக்கும் இன்னொரு ஊரைத் தேடும் வேலை, சென்னையில் புள்ளியியல் படித்துவிட்டு வந்திருந்த தேவகியிடம் வந்தது.

தேவகி ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். அதே பட்டுத் தறி, அதே கூலி, அதே சாப்பாடு, அதே ஜனம். ஐயம்பேட்டையைப் போல ஓர் ஊர் ஆயிரத்தில் ஒன்று என்று ஹெலனே பாராட்டினார். அன்று முழுக்கத் தேவகிக்குக் கால் தரையில் பாவவில்லை.

எடை பார்ப்பதிலும் அவள் கறார். வெள்ளி அரைஞாணைக் கழற்றாமல் எந்தக் குழந்தையையும் தராசில் ஏற்றமாட்டாள். கழற்றினால் பிள்ளைக்கு ஆகாது என்று தாய்மார்கள் முணுமுணுத்தாலும் விடமாட்டாள்.

இன்று காலை கடைசி எடை. இரண்டு ஊர்க் குழந்தைகளும் நன்றாகத் தேறியிருந்தார்கள். ஒரே மாதிரி தேறியிருந்தார்கள். அங்கேதான் வினை.

வித்தியாசம் இல்லை என்றால் பலன் இல்லை. பலன் இல்லை என்றால் பால் இல்லை. ஐயம்பேட்டைப் பள்ளிக்கூட வாசலில் ஹெலன் அதைச் சொன்னபோது தேவகிக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் அங்கம்மாள் வந்தாள். சற்று முன்பு தன் பிள்ளையின் அரைஞாணுக்காகத் தேவகியோடு சண்டை போட்டவள். இப்போது, வெயிலில் நிற்கிறீர்களே என்று இருவரையும் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய், தறிக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்காரவைத்து, ஹெலனிடம் சர்க்கரை போட்ட பாலை நீட்டினாள்.

ஹெலன் டம்ளரை அப்படியே தேவகியிடம் கொடுத்தார். தேவகி அண்ணாந்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டாள். உடனே தெரிந்துவிட்டது.

இந்தப் பவுடர் உங்களுக்கு ஏது என்று கேட்டாள்.

இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதே அங்கம்மாளுக்கு விளங்கவில்லை. "எங்க அண்ணன் பிள்ளையார்பாளையத்துலதான இருக்குது. தங்கச்சி வீட்டுக்குக் கைய வீசிக்கினா வரும்?"

அவள் அண்ணன் மட்டுமில்லை. அந்தத் தெருவில் பாதிப் பெண்களுக்குப் பிள்ளையார்பாளையம்தான் தாய்வீடு. மீதிப் பேர் பெண்ணை அங்கே கொடுத்திருந்தார்கள். அதே தறி, அதே கூலி, அதே ஜனம் என்று சலித்துப் பார்த்தால் சம்பந்தி ஊரைத் தவிர வேறென்ன மிஞ்சும்? அழுகை வந்த முகத்தில் இப்போது தேவகிக்குச் சிரிப்பு வந்தது.

அவள் ஆங்கிலத்தில் சொல்ல, ஹெலன் கேட்டுக்கொண்டார். பிறகு, இவர்கள் பெண் கொடுக்காத, பெண் எடுக்காத ஊர் எது என்று கேட்கச் சொன்னார். அங்கே போய் எடை பார்த்துவிடலாம். பாலைக் காப்பாற்ற அது ஒன்றுதான் வழி.

பக்கத்தில் தென்னேரி இருக்கிறதே, அங்கே சம்பந்தம் உண்டா என்று கேட்டாள் தேவகி.

"அவங்க பயிர் வைக்கறவங்கமா. அங்க பொண்ணு குடுக்கறதில்ல" என்றாள் அங்கம்மாள்.

தேவகிக்குப் போன உயிர் வந்தது.

"ஆனா போன மழைக்குத் தறிக்குழியில தண்ணி பூந்து வேலையில்லாம கெடந்தப்ப, அவங்கதான் நெல்லு போட்டாங்க. அந்தப் புள்ளைங்களுக்கு இத்தக்கூட குடுக்கலன்னா நாங்க என்னா மனுசங்கமா?"

தேவகியால் அதை உடனே ஆங்கிலத்தில் சொல்ல முடியவில்லை. தன் கணக்கு முழுக்கப் பாழாகிவிட்டது. ஆனாலும் இந்த மனுஷர்களுக்கு நடுவில் தன்னைக் கொண்டுவந்து விட்டதற்கு யாருக்காவது நன்றி சொல்லவேண்டும்போல இருந்தது. பிறகு அங்கம்மாள் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள்.

ஹெலன் மிச்சப் பாலை வாங்கி, கட்டியோடு சேர்த்துக் குடித்து முடித்தார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து அங்கம்மாளிடம் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் காஞ்சிபுரத்திலிருந்து அவர் தன் அரசாங்கத்துக்குக் கொடுத்த தந்தியில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

"பலனைக் கணக்கிடப் பால் போய்ச் சேராத ஊர் வேண்டும். இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்கும்வரை பாலை நிறுத்தவேண்டாம்."

அந்த ஊரைத் தேடும் வேலையும் தேவகியிடமே வந்தது.

இந்தத் தடவை அவள் அவசரப்படவில்லை.