ஏழாம் நம்பர் கிளிப்பச்சை

மிளகாய்க் கடை திறக்கப்போன கிளிக்கு எல்லாமே கிளிப்பச்சையில்தான் இருக்கவேண்டும். ஆனால் அச்சு இயந்திரம் அடித்த பை பாசிப்பச்சையாகவும், நோட்டீஸ் வேப்பிலைப் பச்சையாகவும் வந்தன.

"கிளிப்பச்சைன்னா என் பச்சைடா!" என்று கிளி கத்தியது.

"கத்தாதீங்க முதலாளி. ஒரு சாம்பிள் காட்டுங்க, எப்பவும் அதையே அடிக்கிறேன்" என்றது இயந்திரம்.

கிளி வண்ண அட்டையைப் புரட்டி, இருப்பதிலேயே பளிச்சென்ற ஏழாம் நம்பரைக் கொத்திக் காட்டியது. பையும் நோட்டீஸும் அச்சு அசலாக ஒரே பச்சையில் வந்தன.

திறப்பு விழாவுக்கு வந்த மைனா பையைப் பார்த்தது, நோட்டீஸைப் பார்த்தது, கிளியையும் பார்த்தது. "எல்லாம் ஜோரா ஒத்துப்போகுது அண்ணே. நீங்கதான் கொஞ்சம் வெளுத்துட்டீங்க."

கிளி நேரே அச்சகத்துக்குப் பறந்து, காகிதக் கட்டின்மேல் சிறகை விரித்துக் குப்புறப் படுத்துக்கொண்டது.

"என்னையும் ஒருதரம் ஏழாம் நம்பர்ல ஓட்டிடுப்பா."