மேட்டு பங்களாவின் உட்புறம்

கடைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பெயர் புஷ்பவள்ளி என்றாள். சசிதரன் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

பெடாஸிலிருந்து வந்து, ரந்தாவில் புதிதாகக் கடை போட்டிருந்தான். பிளானைக் கொடுத்தால் வீட்டை உள்ளும் புறமுமாகக் கணினியில் எழுப்பிக் காட்டுவான். ஆனால், வந்தவர்கள் எல்லாம் ஃபோட்டோஸ்டாட் எடுக்கத்தான் வந்தார்கள்.

"செம்பனைத் தோட்டத்து மேட்டு பங்களா, தம்பி. முழுக்கப் பலகை வீடு. உள்ள மூலைமுடுக்கு விடாம வேணும். கதவு, சன்னல், கொக்கி வரைக்கும்."

அவள் நீட்டிய பழைய பிளானில் பாதியைக் கரையான் தின்றிருந்தது.

"நேர்ல போய் அளந்துடலாமே அக்கா?"

"உள்ள போக முடியாதுலா. அதனாலதான உங்கிட்ட வந்தேன்." குரலைத் தாழ்த்தினாள். "மிச்சத்த நம்ம ஆளுங்க சொல்லுவாங்க. முதலாளி காதுக்கு மட்டும் போயிடக்கூடாது."

அன்றே அவனை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டாள். தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள்.

"குளியலறை சன்னலுக்கு ரெண்டே ஸ்குரூ. சுளுவா கழண்டுடும்" என்றாள் தாயம்மா.

"ஹால் கதவு ரொம்ப கனம். நாலு ஆள் வேணும்" என்றாள் பஞ்சாலை.

"மாடிப்படியில மூணாவது பலகை கத்தும். இப்பவும் கத்துது" என்று சொல்லி, அந்தக் கிறீச்சையே பதிவு செய்து அனுப்பினான் திருச்செல்வம். சமையற்கட்டை மட்டும் புஷ்பவள்ளியே அங்குலம் பிசகாமல் சொன்னாள்.

கண்ணைக் கட்டிவிட்டாலும் உள்ளே நடமாடலாம் என்கிற அளவுக்கு பங்களா திரையில் எழுந்து நின்றது. அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துப் பூரித்தவனுக்குத் திடீரென்று வேர்த்துக் கொட்டியது. ஸ்குரூ, கொக்கி, கத்துகிற படி. குடியிருக்கிறவன் இதையெல்லாமா கவனிப்பான்? கும்பலாகக் கன்னம் வைக்கப் போகிறார்கள். அதற்கு வழிகாட்டி இவன் போட்ட படம். தை மாதம் கல்யாணம். பெண் வீட்டார் மாப்பிள்ளையை லாக்கப்பில் வந்துதான் பார்க்க வேண்டும்.

போலீஸுக்குப் போனால், படம் போட்டது யார் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். பங்களா காவலாளியின் காதில் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வதே புத்தி. லேப்டாப்பை முதுகிலும் நெருப்பை வயிற்றிலும் கட்டிக்கொண்டு, செம்பனை மரங்களுக்கு நடுவே மோட்டார் சைக்கிளை விரட்டினான்.

மேட்டில் பங்களாவைக் காணோம்.

வாசற்படி மட்டும் இருந்தது. அதில் ஏறினால், அந்தப் பக்கம் வெறும் லாலான் புல். படியில் காவலாளி உடுப்போடு புஷ்பவள்ளி உட்கார்ந்திருந்தாள்.

"நீங்கதான் ஜாகாவா அக்கா?" சசி படிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான். "வீடு எங்க?"

"ஒரு சன்னல் போனா யாருக்குத் தெரியப் போவுதுன்னு ஆளாளுக்கு நெனச்சுட்டாங்க, தம்பி" என்றாள் அலுப்போடு. "வெள்ளிக்கிழமை முதலாளி பாக்க வர்றாரு. எது எங்க இருந்துச்சுன்னு தெரிஞ்சாதான திருப்பி மாட்ட முடியும்? படத்தத் தொற."

கீழேயிருந்து ஹால் கதவை நாலு பேர் தூக்கிக்கொண்டு மேடேறி வந்தார்கள். புஷ்பவள்ளி எழுந்து அவர்களுக்கு வழிவிட்டு, தன் பங்குக்குச் சமையற்கட்டுக் குழாயைக் கைப்பையிலிருந்து எடுத்தாள்.