பக்கத்து சீட்

“முதலாளி இல்லையா?” என்று கேட்டபடி பட்டறைக்குள் நுழைந்தார் பில்டர்.

“வீட்டம்மாவைக் கூட்டிட்டு வெளியே போயிருக்காரு சார்” என்றார் வெல்டர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு.

“எந்த வண்டியில?”

வெல்டர் கண்ணாடியை மறுபடி கண்ணுக்கு இறக்கிக்கொண்டார். “உங்க வண்டியிலதான்.”

பில்டருக்குச் சுர்ரென்று ஏறியது. மூன்று வாரம் நாயாய் அலைந்து பிடித்த பட்டறை இது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் பிரேக்கைப் பார்க்கச் சொன்னால், வண்டியைப் பளபளவென்று கழுவி அனுப்பியிருந்தார்கள். பிரேக் அப்படியேதான் இருந்தது.

அதற்கப்புறம் ஏழு பட்டறை ஏறி இறங்கினார். சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே சீட். பார்த்தவர்கள் எல்லாம் “எவ்வளவு ஸ்பீடு போகும் சார்?” என்றுதான் வாயைப் பிளந்தார்கள். இந்த மெக்கானிக் ஒருவர்தான், “யாரு ஓட்டப் போறாங்க?” என்று கேட்டார்.

“என் பொண்ணு. ஒரே பொண்ணு. திங்கட்கிழமை வேலையில சேர்றா. தினமும் மலைப்பாதையில ஏறி இறங்கணும்.”

அந்த ஒரு கேள்வியிலேயே பில்டர் விழுந்துவிட்டார். சாவியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கவும் செய்தார்.

ஆறு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஐந்துக்கே வந்ததால் குட்டு வெளிப்பட்டது.

ஸ்டூலில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. அவர் கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடியின் சைட் இன்ஜினியர்.

“சார், பால்கனி கைப்பிடிக்கு வந்திருக்கிற பைப் நாம சொன்ன கனத்துல இல்ல. மெலிசா இருக்கு. திருப்பி அனுப்பிடட்டுமா?”

“திருப்பி அனுப்பினா இன்னும் ஒரு மாசம் இழுக்கும்யா. பால்கனியில நின்னு யாரு குஸ்தி போடப் போறா? மாட்டிடு.”

“லிஃப்ட் விஷயமும்...”

“எல்லாம் அப்புறம். நானே இங்க ஒரு திருடன்கிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்.”

போனை வைப்பதற்கும் சிவப்பு கார் உள்ளே நுழைவதற்கும் சரியாக இருந்தது.

பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் கதவுப் பிடியைப் பற்றியிருந்தார். இறங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“என்னங்க, ஊர்வலமெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?” பில்டர் வெடித்தார். “நம்பிக் குடுத்தா, குடும்பத்தோட ஜாலியா சுத்துவீங்களா?”

மெக்கானிக் வாயைத் திறக்குமுன் அவர் மனைவி முந்திக்கொண்டார்.

“ஜாலியா? நல்லாக் கேட்டீங்க! அந்த மேட்டுத் தெருவுல மூணு தடவை இறக்கி, மூணு தடவை சடக்குனு நிறுத்தினாரு. சாப்பிட்டதெல்லாம் தொண்டைக்கு வந்துடுச்சு. பதினாறு வருஷமா இதே பொழப்புதான் சார் எனக்கு. இவரு பிரேக்ல கை வெச்ச ஒரு வண்டியும் நான் ஏறாம சொந்தக்காரர் கைக்குப் போனதில்ல.”

பில்டருக்கு ஒன்றும் புரியவில்லை. “நீங்க எதுக்கும்மா ஏறணும்?”

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்தபடி சொன்னார். “முதல்ல நான் தனியா ஓட்டிப் பாத்துடுவேன் சார். அப்புறம் இவளை ஏத்துவேன். என் கையை நானே முழுசா நம்ப மாட்டேன். அதுக்கும் அவசரம் வரும், அசதி வரும். ஆனா இவ உக்காரப் போறான்னு தெரிஞ்சா ஒழுங்கா வேலை பாக்கும்.”

“உங்களுக்குப் பயமா இருக்காதா?” என்றார் பில்டர் அந்த அம்மாளிடம்.

“பயம் எனக்கில்ல சார், அவருக்குத்தான்” என்று சிரித்தார் அந்த அம்மாள். “அதை நம்பித்தான் நான் ஏறுறேன்.”

“உங்க வண்டி மத்தியானமே முடிஞ்சிடுச்சு” என்றார் மெக்கானிக். “இவ ஏற வந்தப்ப எனக்கென்னமோ மனசு கேக்கல. முன்சக்கரத்தை மறுபடியும் கழட்டினேன். பிரேக் ஆயில் போற குழாயில, மூட்டுக்கிட்ட ஒரே ஒரு சொட்டு கசிவு. தனியா ஓட்டினப்ப தெரியவே இல்ல. குழாயையே மாத்திட்டேன்.”

பழைய குழாயை எடுத்து நீட்டினார். மூட்டோரத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல்.

பில்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மலைப்பாதையில் மகள் ஓட்டிப்போவது கண்முன்னே வந்தது. தன் பிள்ளைக்காக முன்பின் தெரியாத ஒருவர் தன் மனைவியை உட்கார வைத்து ஓட்டிப் பார்த்திருக்கிறார்! இப்படியும் ஒரு மனிதர் இருப்பாரா என்று வியந்தார். திருடன் என்று சொன்ன நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

“மன்னிச்சிடுங்க” என்றார்.

கும்பிட்டுவிட்டு வண்டியில் ஏறினார். சாவியைத் திருகவில்லை. வெகுநேரம் பக்கத்து சீட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு போனை எடுத்தார்.

“அந்த பைப்பை மாட்டியாச்சா?”

“இப்பத்தான் சார், ரெண்டு வீட்டுக்கு முடிஞ்சிருக்கு.”

“கழட்டு.”

“சார்?”

“கழட்டித் திருப்பி அனுப்பு. மாசம் ஆனா ஆகட்டும். எட்டாவது மாடியில ஒரு வீட்டை விக்காம வை. என் பொண்ணு அங்கதான் குடியிருக்கப் போறா.”

இன்ஜினியர் மெல்லக் கேட்டார்:

“அப்படின்னா சார்... அந்த லிஃப்டையும் சரி பண்ணிடட்டுமா?”