நாலாவது கையெழுத்து

"இந்த சிப் தயாரிக்கறதை நிறுத்திப் பத்து வருஷமாச்சு. விமானத்துல வேற சிப் மாத்தவும் முடியாது. அலைஞ்சு திரிஞ்சு நாப்பது வாங்கியிருக்கோம். பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்று பெட்டியை நகர்த்தினார் மேலாளர் தமிழ்வேந்தன்.

தாளில் ஏற்கெனவே மூன்று கையெழுத்துகள் இருந்தன. இவாஞ்சலின் ஒரு சிப்பை எடுத்துக் கட்டைவிரலால் தடவினாள்.

"கொஞ்சம் அசிட்டோனும் பஞ்சும் குடுங்க சார்."

துடைத்ததும் பஞ்சு கறுத்தது. அடியில், பாதி அழிந்த வேறொரு எண் தெரிந்தது.

"பழசைத் தேய்ச்சு மேல பெயிண்ட் அடிச்சிருக்காங்க. ஆம்பூர்ல எட்டு வருஷம் தோலுக்கு பினிஷிங் பண்ணவ நான். கீறல் விழுந்த தோலை இப்படித்தான் புதுசாக்குவோம்."

"மூணு பேர் போட்டாச்சும்மா. நீங்களும் போட்டா இன்னிக்கே அனுப்பிடலாம்."

"ஷூன்னா பிஞ்சா மாத்திக்கலாம் சார். பறக்கற விமானத்துல இன்னா பண்றது? நான் போட மாட்டேன்."

தமிழ்வேந்தன் பெட்டியை மூடி மறுபடியும் அலமாரியில் வைத்தார்.

"போலின்னு தெரிஞ்சுதான் இதைப் பத்திரமா வச்சிருக்கோம். திங்கக்கிழமை வேலைக்கு வந்துடுங்க."

"அப்போ அந்த மூணு பேரு?"

"உங்களுக்கு முன்னாடி இண்டர்வியூவுக்கு வந்தவங்க."