ஓணான் பெட்டியின் புதுப் பச்சை

நேற்றுப் பச்சை எனாமல் பூசிய மரப்பெட்டி, மஞ்சள் பல்பின் சூட்டில் ஈரம்போல மினுங்குகிறது. மகள் 'துரை' என்று செல்லமாக அழைக்கும் ஓணான், வழக்கமாகக் குளிர்காயும் கல்லை விட்டுவிட்டுக் கம்பி வலையோரம் ஒண்டிக் கிடக்கிறது. வாய் பிளந்திருக்கிறது, விலா ஏறி ஏறி இறங்குகிறது. பெட்டிக்கு முன்னால் குந்தியிருக்கும் அவள் அப்பாவான பெயிண்டர் சுண்டுவிரலால் பலகையைத் தொட்டுப் பார்க்கிறார். ஒட்டவில்லை. காலையிலும் தொட்டுப் பார்த்தார், தலையை உள்ளே விட்டு மோந்தும் பார்த்தார். "நல்லா காஞ்சிடுச்சு, வாசனையே இல்ல. தாராளமா விடு" என்று மகளிடம் சொன்னதும் அவர்தான், எத்தனையோ வீட்டுக்காரர்களிடம் சொன்ன அதே பேச்சு. வெளியே போய்விட்டு வந்த மனைவி வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். "ஐயோ, என்ன நெடி இது! கண்ணே எரியுது. இதுக்குள்ளயா அந்த வாயில்லா ஜீவனை விட்டீங்க?" மகள் பதறிப்போய் ஓணானை அள்ளி எடுத்து, ஜன்னலைத் திறந்து காற்றில் பிடிக்கிறாள். அது மெல்ல வாயை மூடுகிறது. "அப்பாவைத் திட்டாதம்மா. எனக்கும் நெடி அடிச்சுது, ஆனா அவரு மோந்து பாத்துட்டுத்தான் சொன்னாரு. அவருக்குத் தெரியாத பெயிண்டா?" பெயிண்டருக்குக் காது மடல் சுடுகிறது. நகக்கண்ணில் பச்சை அப்பிய விரல்களால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, இருவருக்கும் முதுகு காட்டி, மறுபடியும் உள்ளே குனிந்து நெஞ்சு நிறைய மூச்சை இழுக்கிறார். ஒன்றுமே இல்லை. பல்பின் சூடு மட்டும்தான் மூக்கில் ஏறுகிறது. தலையை வெளியே எடுக்காமல் அப்படியே இருக்கிறார்.